கரை ஜிக்கிங்குக்கு ராடு: ஜிக்கின் எடையிலிருந்து தொடங்குங்கள்

மீன் பிடிக்கக் கரையிலிருந்து ஜிக் (கொக்கி மாட்டிய கனமான உலோகப் போலி இரை) எறிய ராடு (தூண்டில் கோல்) வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி, "இது எத்தனை கிலோ மீனைத் தாங்கும்?" அதற்கு முன்னால் வேறொன்றைக் கேட்க வேண்டும்: "எத்தனை கிராம் ஜிக்கை நாள் முழுக்க எறியப் போகிறேன்?" மீன் மாட்டுவது எப்போதாவதுதான். எறிவதும் ஆட்டுவதும் ஒரே காலையில் நூற்றுக்கணக்கான முறை நடக்கும். ஜிக்கின் எடைக்கு வளையாத ராடு தூரமும் எறியாது, ஜிக்கையும் ஒழுங்காக ஆட்டாது. இரண்டும் சரியில்லை என்றால் மீனின் எடையைப் பற்றிக் கவலைப்படும் நேரமே வராது.

ராடின் அடிப்பகுதியில், நரம்பு சுற்றும் ரீலின் இருக்கைக்கு மேலே சில எண்கள் இருக்கும். உதாரணமாக 96 எம்.எச். என்றால் 9 அடி 6 அங்குல நீளம், நடுத்தரத்துக்குச் சற்று மேலான விறைப்பு. 100 எச். என்றால் 10 அடி, கடினமான ராடு. பக்கத்திலேயே ஜிக் எடையின் அதிகபட்சமும் பிரெய்டு (பின்னல்) நரம்பின் தடிமனைக் குறிக்கும் பிஇ எண்ணும் போட்டிருப்பார்கள். இதில் பலரும் தவறாகப் படிப்பது ஜிக் எடையைத்தான். "அதிகபட்சம் 60 கிராம்" என்பது அந்த ராடு பொறுத்துக்கொள்ளும் எல்லை. முழு வேகத்தில் வீசி, மணிக்கணக்கில் ஆட்டுவதற்கு ஏற்ற எடை அதில் 70 முதல் 80 சதவீதம், அதாவது 42 முதல் 48 கிராம். 60 கிராமை அதே ராடில் எறியலாம், ஆனால் மெதுவாகச் சுழற்றி அனுப்ப வேண்டும். ஆட்டும்போதும் ராடு முழுதும் தொய்ந்து, நீங்கள் கொடுக்கும் இழுப்பில் பாதியை அதுவே விழுங்கிவிடும்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. 100 கிராமுக்கான ராடில் 20 கிராம் ஜிக்கை மாட்டினால் நுனி அசைவதே இல்லை. ராடு விசையைச் சேர்த்து வைத்து விடுவிக்காததால் கையின் பலம் மட்டுமே ஜிக்கை அனுப்புகிறது. விரலை விடும் நேரமும் பிடிபடாது. சில எறிகள் வானத்துக்குப் போகும், சில காலடியில் விழும். "தூரம் போகவில்லை, இன்னும் கடினமான ராடு வேண்டும்" என்று நினைப்பவர்களில் பலருக்கு உண்மையில் தேவைப்படுவது ஒரு படி மென்மையான ராடுதான்.

எடை வாரியாக ஏறக்குறைய இப்படிப் பிரித்துக்கொள்ளலாம். 10 முதல் 40 கிராம் வரை எறியும் லேசான வகைக்கு 9 அடிக்கு முன்னும் பின்னுமான ராடு, பிஇ 0.8 முதல் 1.2 வரை நரம்பு, 3000 அல்லது 4000 அளவு ரீல். 30 முதல் 60 கிராமுக்கு 9 அடி 6 அங்குலம் முதல் 10 அடி, எம். (நடுத்தரம்) அல்லது எம்.எச்., பிஇ 1.5 முதல் 2, ரீல் 4000 அல்லது 5000. அதற்கு மேல் 80, 100 கிராம் என்று போனால் எச். ராடு, பிஇ 3 அல்லது 4, பெரிய ரீல். நிறுவனத்துக்கு நிறுவனம் எழுத்துகள் மாறும். ஒருவர் எம். என்பதை இன்னொருவர் எம்.எச். என்பார். அதனால் எழுத்தை விட்டுவிட்டு கிராமைப் பாருங்கள்.

ஒரே ஒரு ராடு வாங்குவதாக இருந்தால், 9 அடி 6 அங்குலம் அல்லது 10 அடியில், அதிகபட்சம் 60 கிராம் போட்ட ராடுதான் என் பரிந்துரை. 30, 40 கிராம் ஜிக்குகள் கரையில் பெரும்பாலான ஆழங்களுக்கும் நீரோட்டங்களுக்கும் போதும். பாரை, சீலா, சிறு சூரை எல்லாமே இந்த அளவைத் தயங்காமல் கடிக்கும். எச். ராடு வேண்டியது ஆழமும் ஓட்டமும் கடுமையாக உள்ள பாறை முனைகளுக்கு. அதை முதல் ராடாக வாங்கினால் ஒரு மணி நேரத்தில் தோள் விட்டுப்போகும்.

நீளம்: இடம் சொல்லட்டும்

நீளமான ராடு வீசும்போது நுனி அதிக வேகம் எடுக்கும், ஜிக் தூரம் போகும். பாறை விளிம்பிலும் கல் தடுப்பிலும் நிற்கும்போது நரம்பு கல்லில் உரசாமல் தள்ளிப் பிடிக்க அது உதவும். மணல் கரையில் உடையும் அலைகளுக்கு மேலே நரம்பைத் தூக்கி வைக்க 10 அடிக்கு மேல் இருந்தாலும் நல்லதே. ஆனால் நீளத்துக்கு விலை உண்டு. நுனி கனக்கும், ஒவ்வொரு ஆட்டலும் மெதுவாகும், எதிர்க்காற்று ராடையே தள்ளும். பின்னால் கைப்பிடிச் சுவரோ மரமோ உள்ள இடத்தில் 10 அடியைச் சுழற்றவே இடம் இருக்காது. அங்கே 9 அடி போதும்.

மீன் மாட்டியபின் நீளம் உங்களுக்கு எதிராக வேலை செய்யும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். 10 அடி ராடு ஏறக்குறைய 3 மீட்டர். அடிமுனை இடுப்பில் ஊன்றியிருக்க, முன் கை அதிலிருந்து அரை மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ராடு வளையாமல், நரம்பு அதற்குச் செங்குத்தாக இழுத்தால், நுனியில் வரும் 1 கிலோ இழுவை முன் கையில் 6 கிலோவாக உட்காரும். 4 கிலோ டிராக் (மீன் இழுக்கும்போது ரீல் நரம்பை விட்டுக்கொடுக்கும் இறுக்கம்) என்றால் 24 கிலோ. ராடு வளைந்து அதன் மேல்பாதி மீனின் திசைக்குத் திரும்பும்போது இந்த நெம்பு நீளம் குறைகிறது, சுமையும் குறைகிறது. விறைப்பான ராடைவிட நன்றாக வளையும் ராடில் மீனோடு போராடுவது எளிது என்று பழகியவர்கள் சொல்வதற்கு இதுதான் காரணம். மீன் இழுக்கும்போது வளைவு நடுப்பகுதியைத் தாண்டி அடிவரை இறங்க வேண்டும். நுனி மட்டும் மடங்கி மற்றதெல்லாம் தடி போல நின்றால் அந்த ராடு உங்கள் நரம்புக்கும் உடம்புக்கும் அதிகம்.

ராடின் கார்பன் இழை எவ்வளவு விறைப்பு என்பதை டன் எண்ணில் விளம்பரப்படுத்துவார்கள். டன் எண் ஏற ஏற ராடு லேசாகவும் விறைப்பாகவும் இருக்கும், ஆனால் அடிபட்டால் முறியும் ஆபத்தும் கூடும். கல்லும் பாறையும் உள்ள இடத்தில் ராடு எப்போதாவது விழத்தான் செய்யும். அதனால் கரை ஜிக்கிங்குக்கு நடுத்தர டன்னில், வெளியே குறுக்காகக் கார்பன் பட்டை சுற்றி வலுவூட்டிய ராடு போதும். குறுக்குச் சுற்று ராடு முறுக்கிக்கொள்வதைத் தடுக்கிறது. எறியும்போது ஜிக் நேராகப் போவதற்கும் அது உதவும்.

கையில் எடுத்துப் பார்க்கும்போது

ரீலின் காலை நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையே வைத்து ராடைப் பிடித்து, அடிமுனையை அக்குளில் இடுக்குங்கள். முனை அக்குளைக் கொஞ்சம் மட்டும் தாண்டி நிற்க வேண்டும். ரீல் இருக்கையிலிருந்து அடிமுனை வரை பெரும்பாலோருக்கு 40 முதல் 50 செ.மீ. சரியாக இருக்கும். நீளம் கூடினால் ஒவ்வொரு ஆட்டலிலும் முனை சட்டையிலும் மிதவை அங்கியிலும் சிக்கும். குறைந்தால் அக்குளில் நிற்காது, எறியும்போது பின் கையால் இழுக்கப் பிடியும் போதாது. கடையில் பார்க்காமல் விட்டால் பிறகு மாற்றவே முடியாத அளவு இது.

நீங்கள் பயன்படுத்தும் ரீலையே மாட்டிப் பாருங்கள். பிறகு நரம்பை எல்லாக் கைடுகளிலும் (ராடின் மேல் நரம்பு ஓடும் வளையங்கள்) கோத்து, எறியப் போகும் எடையை நுனியிலிருந்து தொங்கவிட்டு மெதுவாக ஆட்டிப் பாருங்கள். நுனிப்பகுதி தெளிவாகத் தொய்ந்து, ஆட்டத்துக்குப் பின் சீக்கிரம் அமைதியாக வேண்டும். நுனியைக் கையால் பிடித்து வளைக்கச் சொல்லிச் சிலர் காட்டுவார்கள். அது வேண்டாம். கை பிடிக்கும் ஒரே புள்ளியில் மடங்கும்போது நல்ல ராடும் முறியும்.

கைடுகளில் அதிகக் கவனம் தேவை. ஆட்டும்போது நரம்பு தளர்ந்து தளர்ந்து இறுகுவதால், மெல்லிய பிரெய்டு கைடின் காலில் சுற்றிக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். சட்டகம் முன்னோக்கிச் சாய்ந்திருக்கும் கைடுகளில், ஃபியூஜி நிறுவனத்தின் கே வகை போல, சுற்றிய கண்ணி தானாகவே வழுக்கி வெளியேறிவிடும். ரீலுக்கு அருகில் உள்ள பெரிய கைடுகள் இரட்டைக் கால் கொண்டவையாக இருக்கட்டும். உள்வளையம் பிரெய்டின் உரசலைத் தாங்கும் கடினமான பீங்கான் வகையாக, எஸ்.ஐ.சி. (சிலிக்கான் கார்பைடு) போல, இருக்க வேண்டும். சட்டகம் டைட்டானியம் என்றால் உப்பு பாதிக்காது. எஃகு என்றால் கழுவும் பழக்கம் இருக்கும்வரை பயமில்லை.

நரம்பு பற்றிச் சுருக்கமாக. 200 மீட்டர் பிரெய்டு குறைந்த அளவு. வலுவான மீன் ஓடும் இடத்தில் 300. அதன் முனையில் ஃப்ளோரோகார்பன் அல்லது நைலான் லீடர் (ஜிக்குக்கு முன்னால் கட்டும் தடித்த நரம்பு), ஓர் ஆள் உயரம். பிஇ 2-க்கு 35 அல்லது 40 பவுண்டு லீடர் பொருந்தும். இரண்டையும் இணைக்கும் முடிச்சு எஃப்.ஜி. வகையாக இருந்தால் மெல்லியதாக இருக்கும், கைடில் இடிக்காது. டிராக்கை வீட்டிலேயே தராசு கொக்கியில் மாட்டி, நரம்பின் வலிமையில் நாலில் ஒரு பங்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். கரையில் கையால் இழுத்துப் பார்த்து வைக்கும் டிராக் பெரும்பாலும் நினைப்பதைவிடத் தளர்வாகவே இருக்கும்.

எறிவதற்கு முன்

இரண்டு துண்டுகளையும் இணைக்கும்போது கைடுகளைச் சற்றுக் கோணலாக வைத்துச் செருகி, கடைசி அங்குலத்தில் திருப்பி நேராக்குங்கள். இணைப்பில் கொஞ்சம் மெழுகு தடவினால் பிடிப்பு நன்றாக இருக்கும், கழற்றவும் எளிது. எறிய எறிய இணைப்பு தளரும். பத்துப் பதினைந்து எறிக்கு ஒருமுறை கையால் அழுத்திப் பாருங்கள். தளர்ந்த இணைப்போடு முழு வேகத்தில் வீசினால் மேல்துண்டின் வாய் பிளக்கும், அல்லது மேல்துண்டே ஜிக்கோடு கடலுக்குப் போகும்.

அடுத்து நுனியைப் பாருங்கள். ஒவ்வொரு எறிக்கும் முன்னால், விடாமல். காற்றடிக்கும்போது தளர்ந்த நரம்பு நுனிக் கைடில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டிருக்கும், கையில் எந்த அறிகுறியும் தெரியாது. அந்த நிலையில் 40 கிராம் ஜிக்கை வீசினால் நரம்பு அறுந்து ஜிக் போகும், இல்லையென்றால் நுனி முறியும். "சும்மா எறிந்தேன், உடைந்துவிட்டது" என்று வரும் ராடுகளில் பலவற்றின் கதை இதுதான்.

நுனியிலிருந்து ஜிக் 70 செ.மீ. முதல் 1 மீட்டர் வரை தொங்கட்டும். குட்டையாகத் தொங்கினால் ராடில் சுமை ஏறாது. பின்னால் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு, ராடைப் பின்னே கொண்டுபோய் ஜிக் அசையாமல் நிற்கும் நொடி வரை காத்திருங்கள். முன் கை தள்ளுவதைவிடப் பின் கை மார்பை நோக்கி இழுப்பதே வேகம் தரும். மெதுவாகத் தொடங்கி முடிவில் வேகமெடுங்கள். தொடக்கத்திலேயே வெட்டி இழுத்தால் ராடு வளைவதற்குள் வீச்சு முடிந்துவிடும். மெல்லிய பிரெய்டு ஆள்காட்டி விரலை வெட்டும். 40 கிராமுக்கு மேல் விரலுறை கட்டாயம். ஜிக் நீரில் விழும் முன் ஸ்பூல் (ரீலில் நரம்பு சுற்றியிருக்கும் உருளை) ஓரத்தில் விரலை லேசாக வைத்து வேகத்தைக் குறையுங்கள். விழுந்ததும் பெயிலை (ரீலில் நரம்பைப் பிடிக்கும் வளைந்த கம்பியை) கையால் மூடி, நரம்பை ஒருமுறை இழுத்து இறுக்கிவிட்டுச் சுற்றத் தொடங்குங்கள். ஸ்பூலில் தளர்வான கண்ணிகள் புதைவதுதான் அடுத்த எறியில் வரும் சிக்கலுக்கு முக்கியக் காரணம்.

ஆட்டுதல்

ஜிக் தரை தொடும்வரை எண்ணுங்கள். ஓடும் நரம்பு சட்டென்று தளர்ந்தால் தரை. உடனே தூக்குங்கள், கல் இடுக்கில் படுக்கவிட வேண்டாம். அடிப்படை ஆட்டம் ஒரு சுற்றுக்கு ஓர் ஏற்றம். அடிமுனையை அக்குளில் இடுக்கி, முன் கையால் நுனியை 50, 60 செ.மீ. உயர்த்தும்போது கைப்பிடி பாதிச் சுற்று, நுனி இறங்கும்போது மீதிப் பாதி. இறக்கத்தில் வரும் பாதிச் சுற்றுதான் தளர்ந்த நரம்பை எடுத்துக்கொள்கிறது. அதை விட்டால் நரம்பு நுனியில் சுற்றும், கடியும் தெரியாது. ஆனால் முழுதும் இறுக்கியே வைத்திருந்தாலும் ஜிக் பக்கவாட்டில் திரும்பாமல் நேராக இழுபடும். ஒவ்வொரு ஏற்றத்தின் முடிவிலும் ஒரு சிறு தளர்வு தேவை. அந்த நொடியில்தான் ஜிக் புரண்டு பளபளக்கும்.

இங்கே ராடின் விறைப்பு நேரடியாக வேலை செய்கிறது. கடினமான ராடில் அதே கை அசைவுக்கு ஜிக் தாவிப் பாயும், மென்மையானதில் வழுக்கியபடி எழும். சுறுசுறுப்பாகத் துரத்தும் மீனுக்கு முன்னது, தயங்கும் மீனுக்குப் பின்னது. ராடை மாற்ற முடியாதபோது ஜிக்கை மாற்றலாம். ஒரு படி கனமான ஜிக் அதே ராடை மென்மையாக்கும், லேசானது விறைப்பாக்கும். ஒரு சுற்றுக்கு 1 மீட்டர் இழுக்கும் வேகமான ரீலில் ஜிக் ஒவ்வொரு முறையும் நீளமாக நகரும். ஓட்டம் கடுமையாக இருந்தால் பாதிச் சுற்றுக்கு ஓர் ஏற்றம் என்று குறைத்துக்கொள்ளுங்கள்.

பத்து ஏற்றத்துக்குப் பின் மீண்டும் விழவிடுங்கள். கடி பெரும்பாலும் விழும்போதுதான் வரும். விழும் நேரத்தில் நரம்பு ஓடுவது நின்றாலோ, திடீரென வேகமெடுத்தாலோ, தரை என்று காத்திருக்காமல் பெயிலை மூடி இழுங்கள். இரண்டாவது, மூன்றாவது முறை விழவிடும்போது ஜிக் கரைக்கு நெருங்கியிருக்கும், கல் அதிகம். அங்கே தரையைத் தொட்ட பின் ஒரு நொடி தாமதித்தாலும் ஜிக் போய்விடும்.

மீன் மாட்டியதும் ராடு நீர்மட்டத்திலிருந்து 45 பாகைக்கு அருகில் இருக்கட்டும். நுனியை வானத்தை நோக்கி உயர்த்த உயர்த்த சுமை அடிப்பகுதியை விட்டு மெல்லிய நுனிக்கு ஏறும். மீன் காலடிக்கு வந்தபின் ராடை நிமிர்த்திப் பின்னே சாய்ப்பதுதான் நுனி முறிய மிகச் சுலபமான வழி. கரையருகே வந்ததும் பின்னே நடங்கள், அலை ஏறும்போது அதோடு மீனையும் ஏற்றுங்கள், உயரமான இடத்தில் வலையோ கொக்கியோ பயன்படுத்துங்கள். லீடரைப் பிடித்துத் தூக்க வேண்டியிருந்தால் கையுறையோடு, கையில் சுற்றிக்கொள்ளாமல்.

ஜிக் கல்லில் சிக்கினால் ராடை வளைத்து இழுக்கவே கூடாது. முதலில் நரம்பை இறுக்கி, ரீலுக்கும் முதல் கைடுக்கும் இடையே பிடித்து வில் நாணைப் போல இழுத்து விடுங்கள். பலமுறை கழன்றுவிடும். பக்கவாட்டில் நடந்து வேறு கோணத்திலும் முயலுங்கள். ஒன்றும் ஆகவில்லை என்றால் நரம்பை ஒரு கட்டைத் துண்டில் சுற்றி, ராடை ஓரமாக வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்னே நடந்து அறுங்கள். கையில் சுற்றி இழுத்தால் பிரெய்டு சதையை வெட்டும்.

ஜிக்கைக் கைடு வளையத்தில் மாட்டிக்கொண்டு நடக்காதீர்கள். கொக்கி பீங்கானைக் கீறும், ஜிக் ராடின் உடலில் தட்டித் தட்டி உள்ளே கார்பன் இழைகளை உடைக்கும். வெளியே ஒரு புள்ளி மட்டும் தெரியும், முறிவது வேறொரு நாள் மீன் இழுக்கும்போது. இடி கேட்டால் ராடைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்குங்கள். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும், மேலே போகும் மின்கம்பிகளுக்கும் அதே எச்சரிக்கை பொருந்தும்.

வீடு வந்ததும் துண்டுகளைப் பிரித்து, நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். ரீல் இருக்கையின் திருகு மரையிலும் கைடு கால்களிலும்தான் உப்பு தங்கும். துடைத்து நிழலில் காயவைத்து, முழுக்கக் காய்ந்த பின் உறையில் போடுங்கள். அவ்வப்போது பஞ்சுக் குச்சியை ஒவ்வொரு வளையத்தின் உள்ளேயும் சுழற்றிப் பாருங்கள். பஞ்சு இழை எங்கே மாட்டுகிறதோ அந்த வளையத்தில் விரிசல் இருக்கிறது. அதை மாற்றும்வரை அந்த ராடில் பிரெய்டு ஓட்ட வேண்டாம்.